தெருச்சுவரில் ஒரு சமூக ஓவியம்: அனுமதிக் கடிதம் முதல் கடைசிப் பூச்சு வரை

பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி உயிரிழக்கும் தொழிலாளர்களைப் பற்றிச் சென்னையில் ஒரு தெருச்சுவரில் ஓவியம் வரைய வேண்டும் என்று நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தது ஏழு மாதம் இழுத்தது. முதல் சுவரில் வரைய ஆரம்பித்த மூன்றாம் நாளே வெள்ளையடித்துவிட்டார்கள். இரண்டாவது சுவருக்கு மனு கொடுத்து ஐந்து வாரம் அலைந்த பிறகுதான் அது வேறு துறையின் சுவர் என்று தெரிந்தது. மூன்றாவது சுவரில்தான் ஓவியம் நின்றது, இன்றும் நிற்கிறது.

இதுபோல ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கு இந்த ஏழு மாத அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வேறு ஊர்களில் அலுவலகங்களின் பெயர் மாறலாம், வேலையின் வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. சுவர் யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

எங்கள் முதல் சுவர் ஒரு கடையின் பக்கவாட்டுச் சுவர். கடைக்காரர், "தாராளமா போட்டுக்கோங்க தம்பி" என்றார். அவர் வாடகைக்கு இருப்பவர் என்பதை நாங்கள் கேட்கவே இல்லை. வெளியூரிலிருந்து வந்த வீட்டு உரிமையாளர் சுவரைப் பார்த்துக் கொதித்துப்போனார். அவர் கோபம் நியாயம்தான்.

போஸ்டர், சுவரெழுத்து தொடர்பாகத் தமிழ்நாட்டில் இருப்பது 1959-ஆம் ஆண்டின் திறந்தவெளி அழகு சீர்குலைப்புத் தடுப்புச் சட்டம். உங்கள் ஓவியம் எவ்வளவு நல்ல விஷயத்தைச் சொன்னாலும், எழுத்துமூலமான சம்மதம் கையில் இல்லையென்றால் ரோந்து வரும் காவலருக்கு அதுவும் சுவரைக் கெடுத்த வேலைதான். வாய்வார்த்தையை நம்பி ஒரு கோடுகூடப் போடாதீர்கள்.

தனி வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கூடவே சொத்து வரி ரசீதின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், அவர்தான் உரிமையாளரா என்று சரிபார்க்க அது உதவும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் செயலாளரின் கையெழுத்து மட்டும் போதாது. சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதன் நகலைத் தரச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் பேசத் தொடங்கி, பள்ளி மேலாண்மைக் குழு, கல்வி அலுவலகம் என்று போக வேண்டியிருக்கும். மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சியின் கல்வித் துறை.

பொதுச் சுவர்தான் குழப்பம். ஒரே சாலையில் ஒரு சுவர் மாநகராட்சியுடையது, அடுத்தது பொதுப்பணித் துறையுடையது, பாலத்தின் தூண் நெடுஞ்சாலைத் துறையுடையது, அதற்கு அப்பால் ரயில்வே என்று இருக்கும். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். உங்கள் வார்டு அலுவலகத்துக்குப் போய் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். சுவரின் படத்தைக் காட்டி, "இது யார் பொறுப்பு சார்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் எங்களுக்கு ஐந்து வாரம் மிச்சமாகியிருக்கும். அவருக்கும் தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் தனியார் சுவராகத் தேடுங்கள். முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வதும் தனியார் சுவரைத்தான்.

இன்னொன்று. சுவரில் ஏதாவது ஒரு கட்சியின் பெயரும் "இந்த வருடம் முதல் இந்த வருடம் வரை" என்ற எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். அப்படிப் பிடித்து வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை, ஆனாலும் தெருவில் அதற்கு மதிப்பு உண்டு. அழிப்பதற்கு முன்னால் வட்டச் செயலாளரை நேரில் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சொன்னால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள், சொல்லாமல் அழித்தால் அது அவர்களுக்கு மானப் பிரச்சினையாகிவிடும்.

கோயில் மதில், மின்வாரியப் பெட்டி, பழைய நினைவுச் சின்னங்களின் சுற்றுச்சுவர், இந்த மூன்றின் பக்கமும் போகாதீர்கள்.

2. சம்மதக் கடிதமும் மற்ற காகிதங்களும்

தனியார் சுவருக்கு முத்திரைத் தாள் தேவைப்படவில்லை. வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் எழுதினோம். அதில் இருக்க வேண்டியவை: சுவரின் முகவரி, நீள அகலம், எதைப் பற்றிய ஓவியம், வேலை நடக்கும் தேதிகள், எத்தனை வருடம் அழிக்காமல் வைத்திருப்பார்கள், நடுவில் வீட்டை இடிக்கவோ விற்கவோ நேர்ந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள். நாங்கள் 3 வருடம், 30 நாள் என்று போட்டோம். கடிதத்தோடு ஓவியத்தின் வண்ண மாதிரியை இணைத்து, அதன் மேலும் உரிமையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். "நீங்க சொன்னது வேற, வரைஞ்சது வேற" என்ற பேச்சு அப்புறம் வராது.

மாநகராட்சிச் சுவருக்கு மண்டல அலுவலகத்தில் மனு. மனு, வண்ண மாதிரி, சுவரின் படம், அமைப்பாகச் செய்தால் பதிவுச் சான்று நகல், செலவு யாருடையது என்ற ஒரு வரி. இவை எல்லாவற்றிலும் இரண்டு பிரதி வைத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான். பதில் வர நான்கிலிருந்து எட்டு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வாரம் ஒரு முறை நேரில் போய் நிற்க வேண்டும். அசையவே இல்லையென்றால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

கலைஞரோடும் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். எவ்வளவு சம்பளம், எத்தனை தவணை, மழை வந்து வேலை நின்றால் என்ன, ஓவியத்தில் அவர் பெயர் எங்கே வரும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நண்பர்தானே என்று விட்டதில் எங்களுக்கு ஒரு நட்பில் கசப்பு வந்தது.

3. காவல் நிலையம், தேர்தல், திறப்பு விழா

காவல் நிலையத்தில் அனுமதி கேட்கிறோம் என்று நினைக்காதீர்கள், தகவல்தான் கொடுக்கிறோம். சம்மதக் கடிதத்தின் நகல், வேலை நடக்கும் தேதி, பொறுப்பாளரின் கைப்பேசி எண், இவற்றோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கி, சாரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோப்பில் வையுங்கள். எங்கள் வேலை நடந்த ஆறு நாளில் மூன்று முறை வண்டி வந்து நின்றது. மூன்று முறையும் அந்தக் கோப்புதான் பேசியது.

திறப்பு விழாவில் கூட்டமும் மைக்கும் உண்டு என்றால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதை மட்டும் இரண்டு வாரம் முன்னாலேயே தொடங்குங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது.

சுவர் இல்லாமல் தரையில் கோலமாகப் போட்டால் அனுமதி வேண்டாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெசன்ட் நகரில் கோலம் போட்டவர்களைப் போலீஸ் பிடித்து வைத்தது. கோலம் நல்ல வழி, எனக்கும் பிடித்த வழி. ஆனால் அதற்கும் ஒரு வழக்கறிஞரின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும். சுவர்களை வெள்ளையடிக்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள், அவர்களுக்கு ஓவியம் எது, விளம்பரம் எது என்று பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. தேர்தல் நெருங்கும் மாதங்களில் புது வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

4. என்ன வரைவது: பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டு வரையுங்கள்

எங்கள் முதல் மாதிரியில் சாக்கடைக்குள் முங்கிய ஒரு மனிதரின் முகம் இருந்தது. பார்ப்பவர் மனத்தை உலுக்கும் என்று நம்பினோம். தூய்மைப் பணியாளர் குடும்பங்களிடம் கொண்டுபோய்க் காட்டியபோது ஓர் அம்மா, "எங்களை எப்பவும் இதுக்குள்ளயேதான் காட்டுவீங்களா?" என்று கேட்டார். அந்த மாதிரியை அன்றே கிழித்துப் போட்டோம். இப்போது சுவரில் இருப்பது, வேலைக்குக் கிளம்பும் முன் மகளுக்குத் தலை பின்னிவிடும் ஒரு தகப்பன். அவருக்குப் பின்னால் மூடிய சாக்கடை மூடி, அதன் மேல் "ஆள் இறங்கக் கூடாது" என்ற எழுத்து.

இந்தப் பேச்சுவார்த்தைக்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். வேலையை விட்டுவிட்டு வந்து உங்களோடு உட்காருகிறார்கள் என்றால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். செலவுக் கணக்கில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

சுவரில் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் இரண்டு பேர் சரிபார்க்கட்டும். சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு 10 லட்சம் என்று எழுதி வைத்திருந்தோம். அது 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் 30 லட்சம் என்று உயர்த்திவிட்டது. இதை எங்களுக்குச் சொன்னவர் ஒரு தூய்மைப் பணியாளர். பழைய தொகையோடு வரைந்திருந்தால், கணவனை இழந்த ஒரு பெண் அந்தச் சுவரை நம்பி 20 லட்சத்தை விட்டுக்கொடுத்திருக்கக்கூடும்.

கோபம் மட்டும் போதாது, பார்ப்பவர் செய்வதற்கு ஏதாவது ஒன்றும் சுவரில் இருக்கட்டும். நாங்கள் இரண்டு செய்திகள் வைத்தோம். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திர வண்டி வேண்டுமென்றால் 14420. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால், மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 2 வருடம் வரை சிறை. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு தொட்டி உண்டு, ஆகவே இரண்டுமே அங்கே இருப்பவர்களிடம் நேராகப் பேசின.

சிக்கலில் மாட்டிவிடும் சில விஷயங்கள்: உயிரோடு இருப்பவரின் முகத்தை அவர் கையெழுத்து இல்லாமல் வரையாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் முகம், பெயர், ஊர், பள்ளிச் சீருடை, அடையாளம் தெரியும் எதுவும் கூடாது, அது குற்றம். தனிமனிதரையோ நிறுவனத்தையோ பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அவதூறு வழக்கு வரலாம். அரசு முத்திரை, நான்முகச் சிங்கம் வேண்டாம். இந்திய வரைபடம் வரைவதாக இருந்தால் எல்லைக்கோடு துல்லியமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரையாமல் விடுவதே நல்லது.

நிறத்திலும் அரசியல் இருக்கிறது. இரண்டு மூன்று நிறங்களைப் பட்டையாக அடுக்கினாலே நம் ஊரில் அது ஒரு கட்சிக் கொடியாகத் தெரியும். தென்மாவட்டங்களில் இன்னும் கவனம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் கயிற்றின் நிறம்கூட அங்கே சாதியைச் சொல்கிறது. அந்தக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்று, பள்ளிகளில் சாதி மோதலைத் தவிர்க்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-இல் பரிந்துரைத்தது. வண்ண மாதிரியை உள்ளூர்க்காரர்கள் நான்கைந்து பேரிடம் காட்டி, "இதைப் பார்த்தால் யார் ஞாபகம் வருகிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

5. எல்லோருக்கும் எட்டும்படி செய்யுங்கள்

தெருவில் இருப்பதாலேயே ஒரு கலை பொதுக்கலை ஆகிவிடாது. படிக்கத் தெரியாதவர், பார்வை இல்லாதவர், சக்கர நாற்காலியில் வருபவர், பேருந்தில் கடப்பவர், எல்லோருக்கும் அதில் ஏதாவது கிடைக்க வேண்டும். எனக்கு இந்தப் பகுதிதான் உயிர். பலரும் கடைசியில் யோசிப்பதும் இதைத்தான்.

தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்கிக் கண்ணகி நகருக்குப் போய் வாருங்கள். மாநகராட்சியும் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சேர்ந்து அங்கே குடியிருப்புக் கட்டடங்களின் முழு உயரத்துக்கும் ஓவியம் தீட்ட வைத்திருக்கின்றன. பிறகு இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்குவதற்கு எதிராக அங்கே வரிசையாக முகங்கள். யாருக்கு எச்.ஐ.வி., யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. அந்த ஓவியத்தின் செய்தியே அதுதான், அதற்கு ஓர் எழுத்தும் தேவைப்படவில்லை. எழுத்து இல்லாமலே உங்கள் சேதி புரிகிறதா என்று முதலில் சோதித்துப் பாருங்கள். மாதிரியை டீக்கடையில் காட்டி, என்ன புரிகிறது என்று கேட்டாலே தெரிந்துவிடும்.

எழுத்து வைப்பதாக இருந்தால், 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது கணக்கு. 40 அடி அகலச் சாலைக்கு எதிர்ப்புறமிருந்து படிக்க 4 அங்குலம். தமிழில் புள்ளியும் சுழியும் அடைத்துக்கொள்ளும் என்பதால் நாங்கள் 6 அங்குலம் வைத்தோம். சிவப்பின் மேல் பச்சை, பச்சையின் மேல் சிவப்பு வேண்டாம், நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். அடர்நீலத்தின் மேல் வெள்ளை, மஞ்சளின் மேல் கறுப்பு நன்றாகத் தெரியும்.

தொட்டுப் பார்க்கும் பலகை ஒன்று வையுங்கள். முழு ஓவியத்தையும் புடைப்பாகச் செய்யத் தேவையில்லை. 2 அடிக்கு 2 அடி அளவில் ஓவியத்தின் சுருக்கம் போதும். எங்களுடையதில் தகப்பனின் விரல்களும் மகளின் பின்னலும் புடைப்பாக இருக்கின்றன. பின்னலை நிஜமான தேங்காய் நார்க் கயிற்றை வைத்து அச்செடுத்துச் செய்தோம். பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடி முதல் நான்கு அடிக்குள் இருக்கட்டும், நாற்காலியில் இருப்பவருக்கும் கை எட்டும்.

பிரெய்ல் தகட்டில் நாங்கள் ஏமாந்தோம். புள்ளிகளை மேடாக எழுப்பாமல் வெறும் படமாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். பார்வையுள்ள எங்கள் ஐந்து பேருக்கும் அது உறைக்கவே இல்லை. பார்வையற்ற நண்பர் ஒருவர் விரலை வைத்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்றார். பணம் கொடுக்கும் முன் பிரெய்ல் படிப்பவர் ஒருவரைக் கூட்டிப்போய்ப் படிக்க வையுங்கள். மேற்குப் பார்த்த சுவர் என்றால் உலோகத் தகடு வேண்டாம், சித்திரை வெயிலில் கையை வைக்க முடியாது. அக்ரிலிக் தகடு பரவாயில்லை.

க்யூஆர் கோடு வைத்தால் அதுவும் நான்கு அடி உயரத்தில். இரண்டு நிமிடத் தமிழ் ஒலிப்பதிவும் ஒரு சைகைமொழிக் காணொளியும் போதும். சந்தா கட்டும் இணைப்பாக இருந்தால் ஒரு வருடத்தில் செத்துப்போகும், எனவே இலவசமாக நிற்கும் இடத்தில் போடுங்கள்.

சுவருக்கு முன்னால் நடைபாதை உடைந்திருக்கிறதா, பைக் நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். பலகை வரை சக்கர நாற்காலி வர முடியாவிட்டால் பலகை வைத்துப் பயனில்லை.

6. சுவரைத் தயார் செய்தல்

வரைய ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தொடவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் செய்தே ஆக வேண்டும் என்றால் காலை 10 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் மட்டும் வேலை. சூடான சுவரில் பெயின்ட் பிடிப்பதற்குள் காய்ந்து பிறகு உரியும்.

புதுப் பூச்சுச் சுவர் என்றால் நான்கு வாரம் ஆற வேண்டும். பழைய சுவர் என்றால் போஸ்டர், பொருக்கு எல்லாவற்றையும் சுரண்டி, கழுவி, இரண்டு நாள் காய விடுங்கள். சுவரின் அடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் அதன் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. எங்கள் சுவரில் கீழ் ஒன்றரை அடி அப்படித்தான் இருந்தது. அந்தப் பகுதியில் படமே வைக்காமல் ஒரே நிறப் பட்டையாக விட்டோம், உரிந்தால் ஒரு மணி நேரத்தில் திரும்ப அடித்துவிடலாம். மேலே தண்ணீர்த் தொட்டியிலிருந்து வழிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விரிசலை வெளிச்சுவர்ப் பட்டியால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கை பிரைமர், இரண்டு கை வெள்ளை எமல்ஷன். வெளிச்சுவருக்கான எமல்ஷன்தான், டிஸ்டம்பர் ஒரு மழைக்குத் தாங்காது. பிறகு நூல் அடித்துக் கட்டம் போட்டுப் படத்தை ஏற்றலாம். புரொஜெக்டர் கிடைத்தால் ஒரே இரவில் வெளிக்கோடு முடிந்துவிடும்.

10 அடிக்கு மேல் என்றால் ஏணி வேண்டாம், சாரம் கட்டுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரிய ஆளை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் சாரம் ஏற வேண்டும். தொழிலாளர் உயிரைப் பற்றி வரையும்போது சாரத்தில் ஹெல்மெட்டும் பெல்ட்டும் இல்லாமல் ஒருவரும் நிற்கக் கூடாது.

7. எவ்வளவு ஆகும்

எங்கள் சுவர் 30 அடி நீளம், 10 அடி உயரம், ஆக 300 சதுர அடி. மொத்தம் 71,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. அதில் பெரிய தொகை கலைஞர்கள் இரண்டு பேருக்கு ஆறு நாள் சம்பளம், 30,000. பெயின்ட், பிரைமர், பட்டி, மேல்பூச்சு, பிரஷ், ரோலர் எல்லாம் சேர்த்து 14,000-ஐ ஒட்டி. சுரண்டிக் கழுவிய கூலி 4,000, சாரம் வாடகை வண்டிக் கூலியோடு 4,500. தொட்டுப் பார்க்கும் பலகைக்கும் பிரெய்லுக்கும் 7,000. பேச வந்த தொழிலாளர்களுக்கு 6,000. மீதி சாப்பாடு, தண்ணீர், டீ.

கலைஞர் சம்பளத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். பணம் பற்றவில்லை என்றால் சுவரைச் சின்னதாக்குங்கள். நன்கொடை வாங்கினால் ஒரே வங்கிக் கணக்கில் வாங்கி, கணக்கைத் தெருவிலேயே ஒட்டிவிடுங்கள். கட்சிக்காரர், தொழிலதிபர் யாராவது மொத்தச் செலவையும் ஏற்கிறேன் என்று வந்தால், சுவரில் பெயர் போட முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அப்படி வந்த ஒருவர் அதைக் கேட்டதும் திரும்பிப் போய்விட்டார். 200-க்கும் 500-க்குமாகத் தெருவிலேயே சேர்த்தோம்.

8. வரைந்து முடித்த பிறகு

முதல் போஸ்டர் பத்தாவது நாள் ஒட்டப்பட்டது, கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர். மைதாப் பசை காய்வதற்குள், அன்று காலையிலேயே வெந்நீரால் நனைத்து எடுத்தால் ஓவியம் தப்பிக்கும். நிறமில்லாத மேல்பூச்சு ஒரு கை கொடுத்திருந்தால் இன்னும் சுலபம். "போஸ்டர் ஒட்டாதீர்" என்று எழுதிப் பயனில்லை. சுவருக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன்தான் எங்கள் காவல். தகப்பனின் சட்டைக்கு என்ன நிறம் என்று அவரிடம்தான் கேட்டு முடிவு செய்தோம், அதனால் அது அவர் சுவரும்கூட.

வேலை முடிந்த அன்றே நல்ல வெளிச்சத்தில் முழுச் சுவரையும், ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து வையுங்கள். மீந்த பெயின்ட்டை இறுக்க மூடி, டப்பா மேல் நிற எண்ணும் தேதியும் எந்தப் பகுதிக்கு அடித்தது என்பதும் எழுதி, நிழலான இடத்தில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உரிந்த இடங்களைத் தொட்டுவிட்டு, 14420 இன்னும் வேலை செய்கிறதா என்று ஒரு முறை அழைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.